பின் வைப்பர் ஓடவில்லை: சரிசெய்வதா, மாற்றுவதா, கழற்றிவிடுவதா?

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஹேட்ச்பேக் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, பின் வைப்பர் ஓடவில்லை என்று சொல்லிப் பாருங்கள். டிக்கியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே "மோட்டார் போயிருக்கும் சார்" என்ற பதில் வந்துவிடும். அடுத்து, புதுசு போடலாமா, பழசு பார்க்கலாமா என்ற பேச்சு. அதற்கும் யோசித்தால், "அது இல்லாமலே ஓட்டலாம் சார், எத்தனை காரில் இருக்குது?" என்று ஒரு ஆறுதல்.

இந்த மூன்றும் சில நேரங்களில் சரியான பதில்கள்தான். எது எப்போது சரி என்பது மட்டும் பார்க்காமலே தெரிந்துவிடாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரில் மோட்டாரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். டிக்கிக் கதவுக்குப் போகும் வயரையும், வைப்பரைச் சுழற்ற வெளியே எட்டிப் பார்க்கும் தண்டான ஷாஃப்டையும் பார்க்காமல் மோட்டார் வாங்கினால், புது மோட்டாரும் ஓடாமல் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இங்கே நான் மனதில் வைத்துப் பேசுவது 2005இல் வந்த ஸ்விஃப்ட், 2007இல் வந்த ஐ10, 2010இல் வந்த ஃபிகோ, போலோ போன்ற கார்களை. அந்தக் காலத்தில் பின் வைப்பர் பெரும்பாலும் மேல் வேரியன்ட்களில்தான் வரும். அதாவது, கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வசதி. மழை மாதங்களைத் தவிர யாரும் தொடுவதில்லை என்பதால், அது நின்றுபோனதே ஐப்பசி மழையில்தான் தெரியவரும்.

முதலில், அது தேவையா?

செடான் காரில் பின் கண்ணாடி சாய்வாக இருக்கிறது. கூரை மேல் வரும் காற்று அந்தச் சாய்வில் வழுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு போகும். ஹேட்ச்பேக்கில் கூரை முடிந்த இடத்தில் கார் செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கிறது. அந்த விளிம்போடு காற்று பிரிந்துவிடுகிறது. காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. சக்கரம் கிளப்பும் சேற்றுத் தண்ணீரை அந்தச் சுழல் இழுத்துக் கண்ணாடி மேல் அப்புகிறது. மழை நின்ற பிறகும் ஈரச்சாலையில் போனால் ஹேட்ச்பேக்கின் பின் கண்ணாடி மட்டும் பழுப்பாக மாறுவது இதனால்தான்.

சட்டம் இதைக் கண்டுகொள்வதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 முன் கண்ணாடிக்கு வைப்பர் கட்டாயம் என்கிறது. பின் கண்ணாடிக்கு இல்லை. கீழ் வேரியன்ட்கள் வைப்பர் இல்லாமலே விற்றதும் அதனால்தான். ஆனால் சட்டத்துக்கு வேண்டாம் என்பது கண்ணுக்கு வேண்டாம் என்றாகாது. ஹூண்டாய் 2021இல் அறிமுகப்படுத்திய ஐயானிக் 5 மின்காரில் பின் வைப்பர் வைக்கவில்லை. கூரை விளிம்பில் வரும் காற்றே பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு. வாங்கியவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். 2024இல் காரைப் புதுப்பித்தபோது வைப்பரைச் சேர்த்துவிட்டார்கள்.

நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. பக்கக் கண்ணாடி இரண்டும் போதும். நெடுஞ்சாலையில் மழையில் லாரிகளுக்கு இடையே போகிறவருக்கும், கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலைப்பாதையில் இரவில் இறங்குகிறவருக்கும், பின்னால் வருவது என்ன வண்டி, எவ்வளவு தூரத்தில் என்பது நடுக்கண்ணாடியில் தெரிந்தாக வேண்டும். நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் செலவைப் பற்றி யோசிக்கும்போது உதவும்.

காதைக் கொடுத்தால் பாதி தெரியும்

காரை அமைதியான இடத்தில் நிறுத்தி, சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பின் வைப்பர் சுவிட்சைப் போடுங்கள். ஒருவர் டிக்கிக் கதவில் காதை வைத்துக் கேட்கட்டும்.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, பிளேடைத் தாங்கும் கையான ஆர்ம் மட்டும் அசையவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள். ஆர்மின் அடியில் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே இருக்கும் நட்டு லூசாகி, ஷாஃப்டின் பல் மேல் ஆர்ம் வழுக்குகிறது. பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கினால் தீர்ந்தது. ஆர்மின் உள்பல் தேய்ந்திருந்தால் ஆர்மை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். ஆர்ம் கெட்டியாகப் பிடித்திருந்தும் சத்தம் மட்டும் வந்தால், உள்ளே கியர் பல் போயிருக்கிறது. அது மோட்டார் கணக்கில் சேரும்.

முனகல் கேட்கிறது, ஆர்ம் துடிக்கிறது, அல்லது பாதி வழி போய்த் திணறி நிற்கிறது என்றால் ஷாஃப்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் எர்த், அதாவது கரன்ட் பாடிக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை. ஓடுகிறது, ஆனால் சுவிட்சை அணைத்ததும் கீழே வந்து படுக்காமல் அங்கேயே நின்றுவிடுகிறது என்றால் மோட்டாருக்குள் இருக்கும் பார்க்கிங் காண்டாக்ட்டிலோ, அதற்கென்று வரும் தனிச் சப்ளை வயரிலோ கோளாறு. பல கார்களில் மோட்டாருக்கு மூன்று வயர் போகும். ஒன்று எர்த், ஒன்று சுவிட்ச் போட்டால் மட்டும் வரும் கரன்ட், மூன்றாவது, சாவி ஆன் ஆனதிலிருந்து எப்போதும் இருக்கும் கரன்ட். நாம் அணைத்த பிறகும் வைப்பரை வீடு சேர்ப்பது அந்த மூன்றாவது வயர்தான்.

ஒரு சத்தமும் இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ் போடுங்கள். மறுபடியும் போனால் பெரிய ஃபியூஸ் போடும் வேலை மட்டும் வேண்டாம். ஷாஃப்ட் இறுகி மோட்டார் திணறும்போதும், வயர் உரசி பாடியில் படும்போதும் ஃபியூஸ் போகும். 15 போன இடத்தில் 30 போட்டால் அடுத்து எரியப்போவது வயர்.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் மௌனம் என்றால், டிக்கிக் கதவோடு தொடர்புள்ள மற்ற வேலைகளைச் சோதியுங்கள். நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா, பின் கண்ணாடியின் ஆவியை எடுக்கும் டீஃபாகர் வேலை செய்கிறதா, சென்ட்ரல் லாக் டிக்கியைப் பூட்டுகிறதா, மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட் எரிகிறதா. இவற்றில் ஏதாவது ஒன்று வைப்பரோடு சேர்ந்து மக்கர் செய்தால், மோட்டாரை மறந்துவிடுங்கள். எல்லா வயரும் ஒரே ரப்பர் குழாய் வழியாகத்தான் கதவுக்குள் போகின்றன.

கடைசியாக, டிக்கிக் கதவின் உள் மூடியான டிரிம்மைக் கழற்றி, மோட்டாரில் வயர்கள் வந்து சொருகும் கப்ளரில் கரன்ட் வருகிறதா என்று பார்ப்பது. இதற்கு மல்டிமீட்டரைவிட இருபது முப்பது வருஷமாக நம் எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் பல்பு போட்ட டெஸ்ட் லைட்டைத்தான் நான் நம்புவேன். வயரில் இருபது இழைகள் இருந்து பத்தொன்பது அறுந்திருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். அது கரன்டை இழுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். மோட்டார் ஓடச் சில ஆம்பியர் வேண்டும்; அந்த ஒற்றை இழை அதைத் தாங்காது. பல்பு கொஞ்சமாவது கரன்ட் இழுப்பதால், வயர் மோசமாக இருந்தால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். டெஸ்ட் லைட்டின் கிளிப்பை ஒருமுறை பாடியில் மாட்டியும், இன்னொரு முறை கப்ளரின் எர்த் முனையில் மாட்டியும் பாருங்கள். முதலில் பளிச்சென்று எரிந்து இரண்டாவதில் மங்கினால் எர்த்தான் பிரச்சினை.

கப்ளரில் சுவிட்ச் போட்டால் கரன்ட் வருகிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது, ஆர்மைக் கழற்றியும் மோட்டார் அசையவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பழி மோட்டார் மேல். அதிலும் இறுகிய ஷாஃப்டா, செத்த மோட்டாரா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

வயரை ஒட்டுவதா, ஹார்னஸையே மாற்றுவதா?

கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவில் கறுப்பாகச் சுருக்கம் சுருக்கமாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவைத் தினம் இரண்டு முறை திறந்து மூடினாலே பத்து வருஷத்தில் ஏழாயிரம் தடவைக்கு மேல் அந்த வயர்கள் மடங்கி நிமிர்ந்திருக்கும். நம் வெயிலில் வயரின் மேல்தோல் விறைத்து வெடிக்கிறது, பிறகு தாமிர இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. கதவை ஏதோ ஒரு கோணத்தில் பிடித்தால் வைப்பர் ஓடி, மூடினால் நின்றுவிடுகிறது என்றால் வேறு சோதனையே வேண்டாம்.

பல கார்களில் பின் கண்ணாடிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய குழாயும் இதே வழியாகத்தான் போகிறது. அது வெடித்திருந்தால் வயர்கள் எப்போதும் ஈரத்திலேயே கிடந்து, ரப்பரைப் பிரித்தால் தாமிரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். தண்ணீரும் அடிக்கவில்லை, வைப்பரும் ஓடவில்லை என்பவர்கள் நேராக இங்கே வரலாம்.

இதற்கு இரண்டு வழிகள். கம்பெனி ஹார்னஸை, அதாவது வயர்க்கட்டை, முழுசாக மாற்றினால் வேலை சுத்தம். ஆனால் விலை அதிகம். கூரை ஓரத்து டிரிம் எல்லாம் இறங்க வேண்டும். பழைய காரின் கிளிப்கள் பாதி உடையும். சில மாடல்களுக்கு ஹார்னஸ் தனியாகக் கிடைக்கவே கிடைக்காது. எனவே பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அறுந்த இடத்தை ஒட்டுவதுதான் வழி. அதை எப்படி ஒட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அறுந்த இரு முனையையும் முறுக்கி டேப் சுற்றிவிடும் வேலை அடுத்த மழைவரைகூடத் தாங்காது. அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் போதாது. ஈயம் ஏறிய இடம் விறைப்பாகிவிடும். அடுத்த முறை அதற்குச் சற்றுத் தள்ளி மடங்கி அறும். சரியான முறை, ரப்பர் குழாய்க்குள் இருக்கும் பகுதியை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய இழைகள் நிறைந்த வளையும் வயரைக் கொஞ்சம் நீளமாகவே போடுவது. இணைப்புகள் ஒன்று கூரைப் பக்கம், ஒன்று கதவுப் பக்கம், மடங்கும் இடத்துக்கு வெளியே வர வேண்டும். எல்லா வயரின் இணைப்பும் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக இருக்க வேண்டும். மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஒரு வயர்தான் அறுந்திருக்கிறது என்றாலும், பக்கத்தில் இருப்பதையெல்லாம் மடக்கிப் பார்த்துத் தோல் வெடித்ததை எல்லாம் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். அதே வயதுதான் அவற்றுக்கும்.

இந்த வேலைக்குப் பொருள் செலவு மிகக் குறைவு; எலக்ட்ரீஷியனின் அரை நாள் கூலிதான் செலவு. மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இதைச் செய்யச் சொன்னால் பலர் தயங்குவார்கள். மோட்டார் மாற்றுவது இருபது நிமிட வேலை, இது குனிந்து நின்று செய்யும் வேலை. கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாவது செய்ய வையுங்கள்.

இறுகிய ஷாஃப்டை இளக்குவதா, மோட்டாரோடு சேர்த்து மாற்றுவதா?

மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, ஆனால் ஆர்மைச் சுற்ற முடியவில்லை. இது பயன்படுத்தாமலே வரும் கோளாறு. ஷாஃப்ட் எஃகு, அது சுழலும் கூடு பெரும்பாலும் அலுமினியம். வெளி முனையில் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்ததும் மழைத்தண்ணீர் இடுக்கில் இறங்குகிறது. அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து ஊதி ஷாஃப்டைக் கவ்விக்கொள்கிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். ஃபோக்ஸ்வாகன் கார்கள் சிலவற்றில் கண்ணாடிக்கு அடிக்கும் தண்ணீரே ஷாஃப்டின் நடுத்துளை வழியாக வருகிறது. உள் சீல் போனால் அந்தத் தண்ணீர் மோட்டாருக்குள்ளேயே இறங்கும். அப்புறம் இளக்குவதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது.

மற்ற கார்களில் இளக்கிப் பார்ப்பது கட்டாயம் செய்ய வேண்டியது. முதல் சிக்கல் ஆர்மைக் கழற்றுவது. நட்டை எடுத்த பிறகும் ஆர்ம் பல்லோடு ஒட்டிக்கொண்டு வராது. ஷாஃப்ட் கண்ணாடியைத் துளைத்து வரும் கார்களில் சுத்தியலால் தட்டினால் கண்ணாடி போய்விடும். வைப்பரை மிச்சப்படுத்தப் போய்ப் பின் கண்ணாடி வாங்க வேண்டியதுதான். டபிள்யூடி-40 மாதிரி எண்ணெய் அடித்து, ஒரு இரவு ஊறவிட்டு, ஆர்மை மெல்ல மேலும் கீழும் ஆட்டினால் பெரும்பாலும் வரும். அடம்பிடித்தால் பேட்டரி டெர்மினல் கழற்றும் சின்ன புல்லரை மாட்டி இழுக்கலாம்.

மோட்டாரை வெளியே எடுத்த பிறகு, ஷாஃப்டின் லாக் கிளிப்பைக் கழற்றி, ஷாஃப்டை உருவி, மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்து, கூட்டின் உள்பக்கத்தையும் துடைத்து, நல்ல கிரீஸ் தடவி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதுசாகப் போட்டு மாட்டுகிறார்கள். ஓ-ரிங்கை மட்டும் மறக்கக் கூடாது. பழைய ஓ-ரிங்கோடு கிரீஸ் போட்டு மாட்டினால் தண்ணீர் மறுபடி அதே வழியில் வரும். வெளியிலிருந்து எண்ணெயை மட்டும் அடித்துவிட்டு ஓட்டுவதும் அப்படித்தான். ஒரு வாரம் நன்றாக ஓடும். எண்ணெய் போனதும் பழையபடி இறுகும்.

இளக்கியும் கையால் சுற்றினால் சொரசொரவென்று தட்டுப்படுகிறது, அல்லது கூடு ஆழமாக அரித்திருக்கிறது என்றால் அங்கே நிறுத்திவிட்டு மோட்டார் பக்கம் போகலாம்.

புது மோட்டாரா, பழைய மோட்டாரா?

ஓடாத மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்யும் யோசனையை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்வது லாபம். இத்தனூண்டு மோட்டாருக்குக் கூலியே மோட்டார் விலையை நெருங்கிவிடும். கார்பன் தேய்ந்தோ, பார்க்கிங் காண்டாக்ட்டின் தகட்டில் கருப்பு ஏறியோ இருந்தால் மட்டும், திறக்க முடிகிற மோட்டாராக இருந்தால், துடைத்துப் பார்க்கலாம்.

புதுசு என்றால் மூன்று தரம். கார் கம்பெனியின் பெட்டியில் வருவது. அந்தக் கம்பெனிக்கே மோட்டார் செய்து கொடுக்கிறவர் தன் பெயரில் வெளிச்சந்தையில் விற்பது. பெயர் தெரியாத பெட்டியில் வருவது. என் தேர்வு நடுவில் இருப்பது. வைப்பர் மோட்டார் நமக்கு அந்நியமான சரக்கு இல்லை. சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் 1960களிலிருந்து வாகன மின்பாகங்கள் செய்கிறது. வைப்பர் மோட்டாரும் அதில் உண்டு. உங்கள் மாடலுக்கு அப்படி ஒரு பெயருள்ள பொருள் கிடைத்தால் கம்பெனிப் பெட்டிக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை. கிடைக்காவிட்டால் கம்பெனிப் பெட்டியே மேல். பெயரில்லாத மோட்டாரில் வெளியே எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே கியரும் ஓ-ரிங்கும்தான் வேறு. காய்ந்த கண்ணாடியில் ஒருமுறை ஓட்டியதற்கே பல் போன கதைகள் உண்டு.

எதை வாங்கினாலும் பழைய மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். அது அழிந்திருந்தால் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே பெயரில் வந்த கார்தான் என்றாலும் மாடல் மாறிய வருஷத்தில் கப்ளர் மாறியிருக்கும், ஷாஃப்ட் நீளம் மாறியிருக்கும்.

பழைய மோட்டாருக்குச் சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று தனி உலகமே இருக்கிறது. விலை புதுசில் ஒரு பங்குதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அங்கே கிடைப்பதும் உங்கள் காரின் வயதுடைய ஒரு கார், அதே மழையில் நனைந்து, அதே வெயிலில் காய்ந்தபின் கழற்றிய மோட்டார். உங்களுடையதில் ஷாஃப்ட் இறுகியதால்தான் மாற்றுகிறீர்கள் என்றால் அதே கோளாறைக் காசு கொடுத்து வாங்கி வரும் வாய்ப்பு உண்டு. விபத்தில் முன்பக்கம் நொறுங்கி, சில வருஷமே ஓடிய காரின் மோட்டார் கிடைத்தால் அது வேறு, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

வாங்கும் இடத்திலேயே பேட்டரியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் அதற்கென்றே ஒரு பேட்டரி வைத்திருப்பார்கள். ஓடும்போது ஷாஃப்டைத் துணியால் பிடித்துப் பார்த்தால் சட்டென்று நிற்கக் கூடாது. நிறுத்தியபின் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. வெள்ளைப் பொரி, துரு, கண்ணாடி ஓரத்து ரப்பர் கிழிசல் எல்லாம் கண்ணுக்கே தெரியும். ஓடவில்லை என்றால் மாற்றித் தருவேன் என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் கார் எந்தக் கம்பெனி என்பதும் இங்கே வந்து நிற்கும். செவ்ரோலே 2017இல் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபில்டர், பிரேக் பேட் மாதிரி அடிக்கடி ஓடும் பொருள்கள் இந்த மாதிரிக் கார்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். பின் வைப்பர் மோட்டார் மாதிரி அபூர்வமாக விற்கும் பொருள்தான் முதலில் காணாமல் போகும். இவர்களுக்குப் புதுப்பேட்டை வேண்டாவெறுப்பான தேர்வு இல்லை, பல நேரம் அதுதான் ஒரே தேர்வு. ஆகவே ஷாஃப்டை இளக்குவதில் மற்றவர்களைவிட இவர்கள் அதிகம் மெனக்கெடலாம்.

தனிச் சுவிட்ச் வேண்டாமே

மோட்டார் நன்றாக இருக்கிறது, கப்ளரில் மட்டும் கரன்ட் வரவில்லை என்றால், "தனி வயர் இழுத்து டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம்" என்று ஒரு யோசனை வரும். மலிவு, உடனே முடியும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அறுந்த வயரைத் தேடச் சோம்பல்பட்டுச் சொல்லும் யோசனை இது. அந்தப் புது வயரும் டிக்கிக் கதவைக் கடந்துதான் போக வேண்டும். ரப்பர் குழாய்க்குள் நுழைக்காமல் கதவு ஓரமாகச் சொருகிவிடுவார்கள். கதவு ஒவ்வொரு முறையும் அதைக் கடிக்கும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்திருந்தால் அது ஷார்ட் ஆகும் நாளில் புகை வரும். பார்க்கிங் சப்ளையைக் கவனிக்காமல் விட்டால், வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றுவிடாதபடி நேரம் பார்த்துச் சுவிட்சை அணைக்கும் வித்தையையும் நீங்கள் பழக வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் இதற்கு நியாயம் உண்டு. ஸ்டியரிங் பக்கத்துக் காம்பினேஷன் சுவிட்சிலோ, வைப்பரை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியிலோ பின் வைப்பருக்கான பகுதி மட்டும் போய், மாற்று விலை மிரட்டுகிறது என்றால், ரிலேவும் தனி ஃபியூஸும் வைத்து, டிக்கிக்குப் போகும் பழைய வயரையே பயன்படுத்தி, பார்க்கிங் வயரைத் தொடாமல் செய்து தரும் ஆள் கிடைத்தால் செய்யலாம். சுவிட்ச்தானா என்று அறிய ஒரு குறுக்குவழி: சில கார்களில் முன் வைப்பர் ஓடும்போது ரிவர்ஸ் கியர் போட்டால் பின் வைப்பர் தானாக ஒருமுறை ஓடும். ரிவர்ஸில் ஓடி, சுவிட்சில் ஓடவில்லை என்றால் கோளாறு சுவிட்சில்தான்.

கழற்றிவிட்டால்?

இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. நகருக்குள் மட்டும் ஓடும் கார், இன்னும் ஒரு வருஷத்தில் கைமாறப்போகும் கார் என்றால், கழற்றுவதும் ஒரு முடிவுதான். ஆனால் அரைகுறையாகக் கழற்றாதீர்கள். ஓடாத ஆர்மில் ரப்பர் கிழிந்து தொங்கினால், கார் கழுவும்போதெல்லாம் அதன் உலோகம் கண்ணாடியைக் கீறும். ஆர்மை எடுத்தால் ஷாஃப்டின் கூர் முனை வெளியே நிற்கும். மோட்டாரையும் எடுத்தால் ஓட்டை இருக்கும். வைப்பர் இல்லாத கீழ் வேரியன்டில் அந்த இடத்தில் துளை இருந்து மூடியிருந்தால், அதே மூடியை வாங்கிப் போடலாம். அப்படி இல்லாத கார்களில் சிலிக்கான் பூசி அடைப்பார்கள். வெயிலில் அது விட்டுப்போனால் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தேங்கி, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் மூடி கிடைக்காவிட்டால் மோட்டாரை அங்கேயே விட்டு, கப்ளரை மட்டும் கழற்றி, முனைக்கு ஒரு ரப்பர் தொப்பி போடுவதே உத்தமம்.

கழற்றியவர்களுக்குச் சொல்லப்படும் மாற்று, தண்ணீர் ஒட்டாத கோட்டிங். முன் கண்ணாடியில் அது அருமையாக வேலை செய்யும். எதிர்க்காற்று துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும். பின் கண்ணாடியில் அந்தக் காற்று இல்லை. துளிகள் முத்துமுத்தாக அங்கேயே நிற்கும். இரவில் பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் ஒவ்வொரு துளியிலும் மின்னும். பெருமழையில் வழிந்துவிடும் என்பது உண்மை, தூறலில் உதவாது, சேற்றுக்கு ஒன்றுமே செய்யாது. டீஃபாகர் உள்பக்க ஆவியையும் மெல்லிய ஈரத்தையும் எடுக்கும். காய்ந்த சேறு அப்படியே இருக்கும். ரிவர்ஸ் கேமராவை நம்பலாமே என்பவர்கள், மழையில் அந்தக் கேமராவின் கண்ணிலும் அதே சேறுதான் அப்பும் என்பதை நினைவில் வையுங்கள்.

யார் எதைத் தேர்வு செய்யலாம்?

15 வருஷம் முடிந்து ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்து ஓட்டப்போகிறவர் என்றால், வயரை முறையாக ஒட்டுங்கள். மோட்டார் தேவைப்பட்டால் பெயருள்ள புதுசு போடுங்கள். ஐந்து மழைக்காலத்துக்குப் பிரித்துப் பார்த்தால் பெரிய செலவில்லை. சீக்கிரம் விற்கப்போகிறவர் ஃபியூஸ், நட்டு, வயர், ஷாஃப்ட் வரை போகலாம். அதோடு சரியானால் நல்லது. புது மோட்டார் போட்ட காசு விற்கும் விலையில் திரும்பி வராது. வாங்க வருகிறவர் பின் வைப்பரைப் போட்டுப் பார்ப்பதும் அபூர்வம்; பார்த்துக் கேட்டால் உள்ளதைச் சொல்லிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மூடிப்போன கார்க்காரர் ஷாஃப்டை இளக்கிப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல பழைய மோட்டார் தேடலாம். மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் இரவில் ஓட்டுகிறவர் எந்தக் கார் வைத்திருந்தாலும் கழற்றிவிடும் யோசனைக்கே போக வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் திரும்ப மாட்டும்போது, ஆர்மை மாட்டுவதற்கு முன் மோட்டாரை மட்டும் ஒருமுறை ஓட்டி அணைக்கச் சொல்லுங்கள். ஷாஃப்ட் தன் பார்க்கிங் இடத்தில் வந்து நின்ற பிறகு ஆர்மைப் படுத்த நிலையில் வைத்து நட்டை இறுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வீச்சிலேயே பிளேடு கண்ணாடி ஓரத்து பாடியில் போய் இடிக்கும். பிளேடும் புதுசாக இருக்கட்டும்; பின் பிளேடு நூறுகளில் முடிகிற செலவு. வாஷர் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதன் உப்பு படிந்து நாசில் அடைத்துக்கொள்ளும். கோடை மாதங்களிலும் வாரம் ஒருமுறை கண்ணாடியை நனைத்து வைப்பரை நான்கைந்து முறை ஓடவிட்டால், ஷாஃப்டில் கிரீஸ் காயாது.